தேன்சாமியும் மாத்திரை உண்டியலும்

அமாவாசை வந்துவிட்டால் மைசூர் அக்ரஹாரத்தின் அந்தப் பின்சந்துக்குள் ஒரு ஸ்கூட்டர் நுழைய முடியாது. நுழைந்த ஸ்கூட்டர் திரும்ப முடியாது. திரும்பியே தீருவேன் என்றால் ஏதாவது ஒரு பக்தரின் கால்மேல்தான் திரும்ப வேண்டும். அப்படிக் கூட்டம். சந்தின் முனையில் வடைக்கடை, பூக்கடை, எலுமிச்சம்பழக் கடை. கடைசியில் ஒரு பழைய வீடு. அதன் நெற்றியில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். குணமானவர்களின் சின்னச் சின்னப் போட்டோக்களுக்கு நடுவே மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவர் கையில் பாட்டிலோடு அதில் சிரித்துக்கொண்டிருப்பார். அவர்தான் 'கொள்ளேகால் மந்திரப் பரம்பரை தேன்சாமி'.

கொள்ளேகால் என்றால் மந்திரம் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டல்லவா? அந்தப் பேச்சைச் சாமி தன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், கொள்ளேகாலிலிருந்தே முதல் பஸ்ஸைப் பிடித்து ஆட்கள் வந்து இறங்கினார்கள், கொள்ளேகால் சாமியைப் பார்க்க. உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இந்த மாடு எந்த ஊர் மாடு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சாமி தலைவலி, கால்வலி பார்ப்பதில்லை. அவருடைய தொழில் மனக்கோளாறு. தனக்குத்தானே பேசுகிறவர்கள், யாரோ துரத்துகிறார்கள் என்று ஓடுகிறவர்கள், சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறவர்கள் எல்லாம் அவருக்குச் சொந்தம். நீர்ப்பேய், நெருப்புப்பேய், தூக்குப்பேய் என்று அவரிடம் வகைகள் இருந்தன. வகை எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: மந்திரித்த தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. "இங்கிலீஷ் மாத்திரையும் என் மந்திரமும் ஒரே வயித்துல குடியிருக்காது" என்பார் சாமி. ஆகவே வாசலில் ஒரு பெரிய உண்டியல். காசு போடுகிற உண்டியல் உள்ளே தனியாக இருந்தது. இது மாத்திரை உண்டியல். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டைகளை ஒன்று விடாமல் இதில் போட்டால்தான் தேன் கிடைக்கும். தலைமுடியைக் காணிக்கை கொடுக்கிற நாட்டில் மாத்திரையைக் காணிக்கை கேட்டால் யாருக்கு என்ன கஷ்டம்? கொடுத்தார்கள்.

அந்த வரிசையில்தான் ஒரு அமாவாசைக் காலையில் பழனாத்தாள் நின்றாள். பக்கத்தில் அவள் மகன் தீபக்.

பழனாத்தாளுக்குப் பிறந்த ஊர் கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர் பக்கம். புருஷன் பழனிமுத்துவுக்கு மைசூரில் சென்ட்ரிங் வேலை. இவள் ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங். தீபக் டிப்ளமோ முடித்து, மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம்வரை.

போன வருஷம் தீபக்கின் மண்டைக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். முதலில் அவன் பெயரைச் சொன்னார்கள். பிறகு அவனைத் திட்டினார்கள். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் தனக்கு ரகசியமாகச் சைகை காட்டுகிறாள் என்றான். தூங்கவில்லை, குளிக்கவில்லை. பழனிமுத்து அவனைக் கையைப் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் சௌம்யா பார்த்துவிட்டு, இது மனச்சிதைவு நோய், மாத்திரை உண்டு, நேரமாகும், விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். முதலில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வேறு மாற்றினார். சில மாதங்களில் அந்தக் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு அடங்கியது. பையன் வேலைக்குத் திரும்பினான். வயிறு கொஞ்சம் போட்டது. அவ்வளவுதான்.

பின் எதற்குத் தேன்சாமி? அதற்கு இரண்டு பேர் காரணம். ஒருத்தி எதிர்வீட்டுக் கமலம்மாள்.

"மாத்திரைய நிறுத்துனா திரும்பி வந்துருமாமே பழனா, அப்பறம் அது என்ன கொணம்? சாக்கடைய மூடி வெச்ச மாதிரிதான?" என்று கேட்டாள் கமலம்மாள். அவள் சர்க்கரைக்குத் தினம் மாத்திரை போடுகிறவள். நிறுத்தினால் அவளுக்கும் சர்க்கரை ஏறும். ஆனால் அது வேறு, இது வேறு. ஏன் வேறு என்று கேட்டால் கமலம்மாளுக்குக் கோபம் வரும்.

இன்னொருத்தி பழனாத்தாளேதான். "ஏனுங் டாக்டரம்மா, எம்பையனுக்கு ஏன் வந்துச்சு?" என்று அவள் சௌம்யாவைக் கேட்டிருந்தாள். "ஒரு காரணம்னு சொல்ல முடியாதும்மா. பரம்பரைக் கூறு கொஞ்சம், மூளைல ஓடற ரசாயனம் ஏறி இறங்கறது கொஞ்சம், மன அழுத்தம் கொஞ்சம், சிலருக்குக் கஞ்சா. எல்லாம் சேர்ந்துதான் வருது. யார் மேலயும் தப்பில்லை" என்றார் டாக்டர்.

யார் மேலும் தப்பில்லை என்றால் பழனாத்தாள் யாரைத் திட்டுவாள்? திட்ட ஆளில்லாதபோது அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். பையன் பத்தாவதில் கணக்கில் தவறியபோது விளக்குமாற்றால் தலையில் அடித்திருக்கிறாள். அந்த அடிதான் இப்படி ஆக்கிவிட்டதோ என்று ஊதுபத்தி அடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை.

தேன்சாமி அந்தப் பாரத்தை ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்தார். "ஹனூர் ரோட்டுப் புளியமரத்தடில தீக்குளிச்சுச் செத்த பொம்பள உன் பையனப் புடிச்சிருக்கா." பழனாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். விளக்குமாறு இல்லை, புளியமரம். சாமிக்கு ஹனூர் எப்படித் தெரிந்தது? வரிசையில் டோக்கன் கொடுத்த சாமியின் மச்சினன் பிரசாந்த் 'எந்த ஊரும்மா' என்று கேட்டு எழுதிக்கொண்டது பழனாத்தாளுக்கு நினைவு வரவில்லை. ஞானம் வரும்போது ஞாபகம் போய்விடும்.

தீபக் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு, டாக்டர் கற்றுக்கொடுத்தது. ஏதாவது குரல் கேட்டால் உடனே நம்பிவிட மாட்டான். பக்கத்தில் இருப்பவரிடம் 'உங்களுக்குக் கேட்டுச்சா' என்று கேட்பான். ஆளில்லாவிட்டால் போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டுப் பிறகு போட்டுக் கேட்பான். போனில் இல்லாத குரல் உலகத்தில் இல்லை என்று தள்ளிவிட்டு மெஷினைப் பார்ப்பான்.

அன்றைக்கு உள்ளே சாமி விளக்கை அணைத்துப் பேயை அழைத்தார். மேலேயிருந்து ஒரு பெண் ஊளையிட்டாள். "நான் போகமாட்டேன்" என்று அழுதாள். கூட்டம் நடுங்கியது. தீபக் அம்மாவின் பக்கம் குனிந்தான்.

"அம்மா, உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு கண்ணு, கேட்டுச்சு" என்றாள் அவள், கன்னத்தில் போட்டுக்கொண்டே.

அந்தப் பக்கம் கொள்ளேகாலிலிருந்து வந்த கௌரம்மா உட்கார்ந்திருந்தாள். பட்டுத்தறிக்காரி. கூடவே கழுத்து ஒரு பக்கமாகக் கோணிக்கொண்ட தம்பி. தேன் குடித்த பிறகுதான் கழுத்து அப்படித் திரும்பியதாம். பேய் முகத்தைத் திருப்பிக்கொண்டது, போகப் போகிறது என்று சாமி சொல்லியிருந்தார். தீபக் அவளையும் கேட்டான். "கேக்காம என்னப்பா, மேலயிருந்து வருது" என்றாள் கௌரம்மா.

"எனக்கு மட்டும் கேட்டா வியாதி. எல்லாருக்கும் கேட்டா ஸ்பீக்கர்" என்றான் தீபக். அண்ணாந்து தேடினான். சுவரில் மாட்டிய பெரிய சாமி படத்தின் மாலைக்குப் பின்னால் நீலமாக ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. "அதோ பாரும்மா, புளூடூத்."

பழனாத்தாள் அவன் தொடையில் கிள்ளினாள். புத்தி கெட்ட பிள்ளையைச் சாமி மன்னிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அவனுடைய மாத்திரை அட்டைகளை உண்டியலில் போட்டாள். தேன் பாட்டிலை முந்தானைக்குள் வாங்கிக்கொண்டாள். அம்மா சாப்பிடாமல் கிடப்பேன் என்று மிரட்டியதால் தீபக் அதைக் குடிக்கச் சம்மதித்தான்.

முதல் பாட்டிலில் பையன் நன்றாகத் தூங்கினான். "பேய் களைச்சுப் போச்சு" என்று கமலம்மாள் விளக்கம் சொன்னாள். பிறகு கால்கள் ஆட ஆரம்பித்தன. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தான்.

"அம்மா, இந்தக் கால் ஆட்டம் எனக்குத் தெரியும். டாக்டரம்மா ஃபர்ஸ்ட்டு குடுத்த மாத்திரைல இதேதான் வந்துச்சு. அதனாலதான் மாத்துனாங்க. தேன் குடிச்சா ஏன் வருது?"

"பேய் வெளிய போறதுக்கு வழி தேடுது கண்ணு. நடக்கட்டும் வுடு."

"பேய் போறதுக்கு என் காலு எதுக்கும்மா?"

பதில் இல்லாத கேள்வியைக் கேட்பது பேய்தான் என்று பழனாத்தாள் முடிவு கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது பாட்டிலில் தூக்கமும் இல்லை, ஆட்டமும் இல்லை. பழைய குரல் திரும்பி வந்தது, பழைய சத்தத்தோடு. ஒருநாள் காலை கம்பெனி பஸ் ரிங்ரோடு சிக்னலில் நின்றபோது, இறங்கு என்று குரல் சொன்னது. தீபக் இறங்கினான். நட என்றது. லாரிகளுக்கு நடுவே நடந்தான். கூட வேலை செய்கிறவன் ஒருவன் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

பழனாத்தாள் சாமியிடம் ஓடினாள். "பேய்க்குக் கோபம். தேனைக் கூட்டு" என்றார் சாமி. டீக்குச் சர்க்கரை கூட்டச் சொல்வதுபோல் அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

தீபக் ஓடியது வேறு இடத்துக்கு. தெளிவு கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு நாளில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனான். சௌம்யா திட்டவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்கினார். "அந்த பாட்டில்ல மிச்சம் இருந்தா கொண்டு வா, அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றார். அவன் மாத்திரை அட்டையைச் சாப்பாட்டு டப்பாவில் ஒளித்துவைத்து, கம்பெனியில் சாப்பிட்டுவந்தான். இரண்டு அமாவாசை கழிந்து மூன்றாவது நெருங்கும்போது குரல் அடங்கியிருந்தது. தேனை வாஷ்பேசின் குடித்துக்கொண்டிருந்தது.

டப்பா கழுவுகிறவள் யார்? அகப்பட்டது அட்டை.

"இதாண்டா சங்கதி" என்று பழனாத்தாள் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "இதுனாலதான் சாமிக்கு ஆகாமப் போச்சு. நாளைக்கே உண்டியல்ல போடறேன்."

தீபக் கத்தவில்லை. அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தான்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. எனக்குத் தலைக்குள்ள கொழம்புற நாள்ல எது நெஜம்னு எனக்கே தெரியாது. மாத்திரை வேண்டாம்னு நானே சொல்லுவேன். அன்னைக்கு நீதான் எனக்கு எடுத்துக் குடுக்கணும். நீயும் கொழம்பிட்டா நான் யார்கிட்டம்மா போறது?"

பழனாத்தாள் இவ்வளவு நாளும் தான் மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு இப்ப என்னங்கற?" என்றாள்.

"நாளைக்கு நானும் வர்றேன். சாமிய ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். அவரு தேறிட்டா இந்த அட்டைய என் கையாலயே உண்டியல்ல போடறேன். தேறலைன்னா நீ என்கூட டாக்டரம்மாகிட்ட வரணும். சாமி நெஜம்னா உனக்கு என்ன பயம்?"

சாமி நிஜம்தானே, பயம் எதற்கு? பழனாத்தாள் சரி என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கூட்டம் முன்பைவிட அதிகம். கமலம்மாளும் புது பாட்டிலுக்காகக் கூட வந்திருந்தாள். கணுக்கால் வலிக்குத் தேன் தடவிப் பார்த்தாளாம். சாமி மேடையில் அமர்ந்து வழக்கமான வசனத்தைச் சொன்னார். "என் தேன் பேயைத்தான் சுடும். மனுசனச் சுடாது. பேய் புடிச்சவன் குடிச்சா தூக்கம் வரும், ஆட்டம் வரும், கழுத்து திரும்பும். அதெல்லாம் பேயோட அவஸ்தை. பேய் இல்லாதவன் குடிச்சா அது வெறும் தேன்."

தீபக் எழுந்து கைகூப்பினான். கையில் ஒரு புது பாட்டில், அன்று அங்கேயே வாங்கியது.

"சாமி, ஒரு சந்தேகம். பேய் இல்லாதவங்க குடிச்சா ஒண்ணுமே ஆகாதுங்களா?"

"ஆகாது. வெறும் தேன்."

"உங்களுக்குப் பேய் இல்லீங்களே?"

கூட்டம் சிரித்தது. சாமியும் சிரித்தார். "என்னைப் பார்த்தா பேய் ஓடும்பா."

"அப்ப நீங்க ஒரு ஸ்பூன் குடிச்சுட்டு மிச்சத்த எனக்குக் குடுங்க சாமி. உங்க வாய் பட்டதுன்னா எனக்குச் சீக்கிரம் சரியாகும்."

சாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னிக்கு எனக்கு உபவாசம்" என்றார்.

"தேன் உபவாசத்துக்கு ஆகுங் சாமி" என்று கமலம்மாள் முன்வரிசையிலிருந்து சாஸ்திரம் சொன்னாள். பக்தி மிகுந்தவர்கள் பக்கத்தில் இருப்பதில் இதுதான் ஆபத்து. "பாலும் தேனும் ஆகும். எங்க மாமியா ஏகாதசிக்கு அதான் குடிப்பாங்க."

சாமி ஒரு கணம் கணக்குப் போட்டார். ஒரு ஸ்பூன். என்ன ஆகிவிடும்? கலந்தவருக்கு அளவு தெரியாதா? புன்னகையோடு ஒரு ஸ்பூன் குடித்தார். பாட்டிலைத் தீபக்கிடம் நீட்டினார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

அங்கேதான் அவர் தன் பக்தர்களைக் குறைத்து எடைபோட்டார். சாமியின் வாய் பட்ட தேன் என்றால் சும்மாவா? அது பிரசாதத்திலும் பிரசாதம். அதை எவனோ நேற்று வந்த பையன் மட்டும் கொண்டுபோவதா?

"சாமி, எங்க பாட்டில்லயும் ஒரு ஸ்பூன்" என்று கௌரம்மா முந்திக்கொண்டாள். "எங்களுக்கும் சாமி" என்றது பின்னால் ஒரு குரல். அடுத்த நிமிஷம் மேடைக்கு முன்னால் வரிசை. முதியவர்கள், கைக்குழந்தைக்காரிகள், லேப்டாப் பை மாட்டிய ஐ.டி.காரர் ஒருவர்கூட. பிரசாந்த் தடுத்துப் பார்த்தான். "ஒருத்தருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" என்று சண்டைக்கு வந்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்ற கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து சாமி குடித்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு ஸ்பூன். காலில் விழுந்தவர்களுக்கு இரண்டு ஸ்பூன்.

பழனாத்தாள் சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை பாதி நகர்ந்தபோது அந்த முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. இமை தொங்கியது. ஆசீர்வாதம் குழறியது. 'நல்லாயிரு' என்பது 'நல்லூழ்' என்று வந்தது. அந்தத் தூக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள். முதல் பாட்டில் குடித்த அன்று தன் மகன் முகத்தில் பார்த்தது அதே தூக்கம்.

சாமி எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. அப்படியே சரிந்து திண்டில் விழுந்தார். குறட்டை மைக்கில் கேட்டது.

"சாமி சமாதி நிலைக்குப் போயிட்டாரு. எல்லாரும் வெளிய போங்க" என்றான் பிரசாந்த்.

"சமாதிங்களா?" என்றான் தீபக். "பேய் புடிச்சவன் குடிச்சா தூக்கம் வரும், இல்லாதவனுக்கு வெறும் தேன்னு இப்பத்தான சாமியே சொன்னாரு."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. யோசித்தார்கள். நிஜமாகவே யோசித்தார்கள். ஆனால் பழகாத வேலை. தப்பான திசையில் யோசித்தார்கள்.

"ஐயோ, சாமியப் பேய் புடிச்சிருச்சு" என்றாள் கமலம்மாள்.

அவ்வளவுதான். ஆளாளுக்கு வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை உருவினார்கள். இத்தனை பேருடைய பேயையும் விரட்டிய மகான். அந்தப் பேய்களெல்லாம் சேர்ந்து அவர்மேல் ஏறிவிட்டன என்று ஒருவர் தத்துவம் சொன்னார். பேய்க்கு மருந்து என்ன? தேன். தேனுக்கா பஞ்சம்? நான்கு பேர் சாமியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கமலம்மாள் மூடியைத் திருகி, பாட்டிலை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனாள்.

பிரசாந்த் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். "ஊத்தாதீங்கம்மா! செத்துருவாரு! அதுல மாத்திரை இருக்கு!"

வேப்பிலை ஆடுவது நின்றது.

"என்ன மாத்திரை?" என்று கேட்டது பழனாத்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பிரசாந்த் சாமியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். வேப்பிலைக் கட்டுகளைப் பார்த்தான். "நீங்க போட்டதுதாம்மா. உண்டியல்ல போட்டது. மிக்ஸில அரைச்சு…" என்று இழுத்தான். பிறகு, தன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, "சுகர் மாத்திர, பிரஷர் மாத்திர எல்லாம் பொறுக்கித் தனியா எடுத்துருவோம். நாங்க என்ன மனசாட்சி இல்லாதவங்களா?" என்றான்.

பின்னறையைத் திறந்தார்கள். மிக்ஸி இருந்தது, வெள்ளைப் பொடி ஒட்டியபடி. காலி அட்டைகள் சாக்குச் சாக்காக இருந்தன. பக்கத்தில் தேன் டின். அதிலும் பாதி வெல்லப்பாகு. ஆக, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கிய மாத்திரையை இங்கே காணிக்கையாகக் கொடுத்து, அதையே பாகில் குழைத்துக் காசு கொடுத்து வாங்கிப்போயிருக்கிறார்கள். குணமானவர்களைக் குணமாக்கியது யார் மாத்திரை என்றே தெரியாது. ஒரு பாட்டிலில் அதிகம், ஒரு பாட்டிலில் ஒன்றுமில்லை. தீபக் ரிங்ரோட்டில் இறங்கியது அந்த ஒன்றுமில்லாத பாட்டில் குடித்துக்கொண்டிருந்த வாரத்தில்.

பழனாத்தாள் அதைத் தன் கையால் ஊட்டியிருக்கிறாள். கோபம் வந்தது, சாமிமேல் பாதி, தன்மேல் மீதி. கூட்டத்தில் சிலர் சாமியை அடிக்கப் பாய்ந்தார்கள். காலை வரை காலில் விழுந்தவர்கள்தான்.

"அடிக்காதீங்க. அளவு தெரியாம உள்ள போயிருக்கு, ஆளு செத்தாலும் செத்துருவாரு" என்று தீபக் குறுக்கே நின்றான். 108-க்கு போன் போட்டு, தேன் பாட்டிலையும் காலி அட்டைகளையும் கூடவே எடுத்துக்கொண்டான். எந்த மாத்திரை என்று டாக்டர் கேட்பார் என்று அவனுக்குத் தெரியும்.

அன்று மதியம் அந்தச் சந்துக் கூட்டத்தில் பாதி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது. டாக்டர் சௌம்யா முதலில் கௌரம்மாவின் தம்பியைப் பார்த்தார். ஒரு ஊசி போட்டார். கௌரம்மா வாங்கி வந்த டீ ஆறுவதற்குள், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பேய் நேராகப் பார்த்தது. "மாத்திரை ஒத்துக்காட்டி தசை இப்படி இறுகும். உடனே வந்திருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

பழனாத்தாள் மெதுவாகப் பக்கத்தில் போனாள். "இத்தன பேருக்கும் ஒரே வியாதிங்களா டாக்டரம்மா?"

"இல்லம்மா. வெளியில பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள வேற வேற. உங்க பையனுக்கு மனச்சிதைவு. அதோ அந்தக் கைக்குழந்தைக்காரிக்குப் பிரசவத்துக்கு அப்புறம் வந்தது. உடனே வைத்தியம் பண்ணா நல்லா சரியாகும், விட்டா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்தக் காலேஜ் பையனுக்குக் கஞ்சா. அந்தப் பெரியவர் எல்லாத்துலயும் தெளிவு, பொண்டாட்டி விஷம் வெக்கிறாங்கற ஒரே நம்பிக்கைதான் பிடிச்சிருக்கு. சிலருக்குப் பெரிய அதிர்ச்சில வரும், சில வாரத்துல தானா அடங்கிடும். அப்படித் தானா அடங்குனவங்க போட்டோதான் சாமியோட ஃப்ளெக்ஸ்ல இருக்குது."

பழனாத்தாள் புடவைத் தலைப்பைத் திருகினாள். இத்தனை நாள் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். "அவன் பத்தாவது படிக்கறப்ப வெளக்குமாத்துல அடிச்சிருக்கனுங்க. தலைல. அதுனாலயா?"

"அடிச்சது தப்புதான். ஆனா இந்த நோய் அதனால வந்ததில்லைம்மா" என்றார் சௌம்யா. "வந்ததுக்கு நீங்க காரணமில்ல. போறதுக்கு நீங்க வேணும். மாத்திரை, வேலை, தூக்கம், வீட்ல நிதானமா பேசற ஆள். அவ்வளவுதான் வைத்தியம்."

பழனாத்தாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். புளியமரம் இறக்கிவைத்த பாரத்தைவிட இது பெரிய பாரம்; இறங்கியது.

உள்ளே கட்டிலில் தேன்சாமி கண் விழித்தபோது வாசலில் போலீஸ் இருந்தது. பிறகு தெரிந்தது: ஆள் முன்பு வேறொரு ஊரில் மருந்துக்கடையில் அட்டை எண்ணிக் கொடுத்தவர். கொள்ளேகாலுக்கு ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். நர்ஸ் ஊசியோடு வந்ததும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இது என்ன மருந்து? எக்ஸ்பயரி பார்த்தீங்களா?" என்று கேட்டாராம். தன் உடம்பு என்று வந்தால் சாமிக்கும் பகுத்தறிவு வேலை செய்கிறது.

தீபக் இப்போது மறுபடி கம்பெனி பஸ்ஸில் போகிறான். குரல் அவ்வப்போது வருகிறது. அவன் சோதித்துப் பார்த்து அனுப்பிவிடுகிறான். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பழனாத்தாள். தண்ணீரோடு நிற்பாள், விழுங்கும்வரை நகரமாட்டாள்.

போன வாரம் கமலம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பழனா, சங்கதி தெரியுமா? நஞ்சன்கூடு ரோட்டுல ஒரு அம்மா வந்திருக்காளாம். எலுமிச்சம்பழத்துலயே எல்லாம் சொல்றாளாம். வர்றியா?"

பழனாத்தாள் மகன் பக்கம் திரும்பினாள். "ஏன் கண்ணு, இது எனக்கு மட்டும் கேக்குதா, உனக்கும் கேக்குதா?"

"எனக்கும் கேக்குதும்மா."

"அப்ப நெஜமாவே சொல்றா" என்று பெருமூச்சு விட்டாள் பழனாத்தாள். "இவள எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த டாக்டர் இன்னும் பிறக்கவில்லை. தலைக்குள் கேட்கிற குரலை நம்பினால் அது நோய். அதற்கு மாத்திரை இருக்கிறது. மேடையில் கேட்கிற குரலை நம்புவதற்கு மாத்திரை கிடையாது. அதற்குத் தலையைத்தான் உபயோகிக்க வேண்டும். அந்தச் சந்தில் நின்ற அத்தனை பேரிலும் அதை உபயோகித்தவன் ஒருவன். அவனைத்தான் பைத்தியம் என்று அழைத்துப் போயிருந்தார்கள்.